பெறுபேற்றுக்கு நன்கொடை: ஒரு கொள்கையின் வரலாறு

பொதுப்பணத்தைச் சமூகப் பணிகளுக்கு வழங்க முற்படும் அரசுகள் இரு வழிகளுள் ஒன்றையே பெரும்பாலும் கைக்கொண்டு வந்துள்ளன. பணியின் தேவையை நோக்கி, அது தொடங்குமுன்னரே பொருள் வழங்குவது ஒரு வழி. பணி நடந்து முடிந்தபின் அதன் பயனை அளந்து, அளந்த அளவுக்கேற்பப் பொருள் வழங்குவது மற்றைய வழி. முதலாவது வழியில் பணம் வீணாகுமோ என்ற அச்சம் அரசைச் சார்ந்தது. இரண்டாவது வழியில் உழைப்பு வீணாகுமோ என்ற அச்சம் பணிசெய்வோரைச் சார்ந்தது. இவ்விரண்டாவது வழியே 'பெறுபேற்றுக்கு நன்கொடை' என வழங்கப்படுவதாகும். 1862 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகளிலும், 1870 ஆம் ஆண்டு தொடக்கம் இலங்கைப் பாடசாலைகளிலும் நடைமுறைக்கு வந்த இக்கொள்கை, இரு நாடுகளிலும் கைவிடப்பட்ட பின்னர், ஒரு நூற்றாண்டு கழித்துப் புதிய பெயர்களுடன் மீண்டும் தோன்றியுள்ளது. 2018 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் இயற்றப்பட்ட சட்டமொன்று, சமூகத் திட்டங்களின் பெறுபேற்றுக்கே பணம் தருவதென விதித்து 100 மில்லியன் டொலரை ஒதுக்கியது.

இவ்வாறு வழங்கப்படும் நன்கொடைக்கு எவர் விண்ணப்பித்தனர், எவரால் விண்ணப்பிக்க இயன்றது, எதனைப் பெறுபேறு என அரசு ஏற்றுக்கொண்டது என்ற மூன்று வினாக்களையும் வரலாற்றினூடே நோக்குமிடத்து, நிதிபற்றிய விதியொன்று சமுதாயத்தின் அமைப்பையே எவ்வாறு பாதிக்கின்றது என்பது தெளிவாகும். இலங்கைத் தமிழரின் கல்வி வரலாறு இதற்குத் தக்க சான்றாக அமைகின்றது.

இங்கிலாந்தின் விதிக்கோவை

இங்கிலாந்தில் மக்கட் கல்விக்கென அரசு முதன்முதலில் பணம் ஒதுக்கியது 1833 ஆம் ஆண்டிலாகும். அன்று வழங்கப்பட்ட தொகை 20,000 பவுண் மட்டுமே. சமயச் சங்கங்கள் இரண்டினூடாகப் பாடசாலைக் கட்டடங்களுக்கென அது வழங்கப்பட்டது. பின்னர் ஆசிரியர் பயிற்சிக்கும், பயிலும் ஆசிரியருக்கும், சம்பள மேலதிகத்துக்கும் உதவி விரிவுபெற்றது. 1860 ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் ஆண்டுச் செலவு 8 இலட்சம் பவுணைத் தாண்டியிருந்தது. கிரிமியப் போரின் செலவால் திறைசேரி நெருக்குண்டிருந்த அவ்வேளையில், 1858 இல் நியமிக்கப்பட்ட நியூகாசில் ஆணைக்குழு 1861 இல் தன் அறிக்கையை வெளியிட்டது. இளம்பிள்ளைகள் பலர் வாசிப்பு, எழுத்து, எண் ஆகிய அடிப்படைகளைத் தானும் செவ்வனே கற்காது பாடசாலையை விட்டு நீங்குகின்றனர் என்பது அவ்வறிக்கை சுட்டிய குறைகளுள் முக்கியமானதாகும்.

அப்போது கல்விக் குழுவின் உப தலைவராக விளங்கிய றொபேட் லோ, 1862 இல் 'திருத்திய விதிக்கோவை'யை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். தடையற்ற வாணிபக் கொள்கையில் ஆழ்ந்த பற்றுடைய அவர், கல்வியுதவியையும் சந்தை முறைமைக்குள் கொண்டுவர விழைந்தார். புதிய முறை பயன் விளைவித்தால் செலவு நியாயமாகும், பயன் விளைவிக்காவிடின் செலவு குறையும் என்ற கருத்துப்பட அவர் பாராளுமன்றத்தில் வாதிட்டார். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையொன்று ஆண்டொன்றுக்கு ஈட்டக்கூடிய தொகை 12 சிலிங்காக வகுக்கப்பட்டது. இதில் 4 சிலிங் வரவுக்கும், 8 சிலிங் பரீட்சைக்கும் உரியன. வாசிப்பு, எழுத்து, எண் ஆகிய மூன்றனுள் பிள்ளை தவறும் ஒவ்வொன்றுக்கும் 2 சிலிங் 8 பென்ஸ் கழிக்கப்பட்டது. ஆண்டுக்கொருமுறை வரும் பரிசோதகர் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பரீட்சித்து, அட்டவணையில் குறிக்கும் குறியே பாடசாலையின் அடுத்த ஆண்டு வாழ்வைத் தீர்மானித்தது.

லோ எதிர்பார்த்த சிக்கனம் கிட்டவே செய்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அரசின் கல்விச் செலவு கணிசமாகக் குறைந்தது. ஆயின், கவிஞரும் விமர்சகரும் பாடசாலைப் பரிசோதகராக நெடுங்காலம் கடமையாற்றியவருமான மத்தியூ ஆர்னோல்ட், இம்முறையைத் தொடக்கத்திலிருந்தே எதிர்த்து வந்தார். பரிசோதகரின் வருகை முன்னர் பாடசாலையின் அறிவு வாழ்வை ஊக்குவிக்கும் நிகழ்ச்சியாக அமைந்தது என்றும், புதிய முறையில் அது கணக்கெடுக்கும் சடங்காகச் சுருங்கிவிட்டது என்றும் அவர் கருதினார். பரீட்சைக்குரிய வாசிப்பு நூலைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டால், வாசிக்கத் தெரியாமலே வாசிப்பிற் சித்தியடையலாம் என்பது அக்காலத்தில் பலரும் அறிந்திருந்த உண்மையாகும். ஆசிரியரின் வருவாய் பல இடங்களில் நன்கொடையின் ஒரு பங்காகவே அமைந்தமையால், இவ்வழியை நாடிய ஆசிரியரைக் குறைகூறுவதும் எளிதன்று. வரலாறு, புவியியல் போன்ற பாடங்கள் பின்னர் நன்கொடைக்குரியனவாகச் சேர்க்கப்பட்டபோதிலும் முறையின் இயல்பு மாறவில்லை. 1890 ஆம் ஆண்டு தொடக்கம் அது படிப்படியாகக் கைவிடப்பட்டு, அந்நூற்றாண்டு முடியுமுன்னரே மறைந்தது.

இலங்கையில் நன்கொடை முறை

இங்கிலாந்தில் இம்முறை உச்சநிலையில் இருந்த காலத்திலேயே அது இலங்கைக்குப் பெயர்ந்தது. இலங்கையில் கல்வி பற்றிய அரசின் அமைப்புக்கள் கோல்புறூக் சீர்திருத்தத்தின் பின்னர், 1834 இல் தோன்றிய பாடசாலை ஆணைக்குழுவுடன் தொடங்குகின்றன. 1841 இல் அது மத்திய பாடசாலை ஆணைக்குழுவாக மாற்றியமைக்கப்பட்டது. தனியார் பாடசாலைகளுக்கு நன்கொடை வழங்கும் வழக்கமும் அக்காலத்திலேயே ஏற்பட்டது. ஆயினும் அவ்வாணைக்குழுக்களில் கிறித்தவ குருமாரின் செல்வாக்கே மேலோங்கியிருந்தது. உதவி எவருக்கு, எவ்வளவு என்பதற்குப் பொதுவானதோர் அளவுகோல் இருக்கவில்லை. நன்கொடை என்பது உரிமையாகவன்றிச் சலுகையாகவே விளங்கிற்று.

இக்குறைகளை ஆராயும்பொருட்டு 1865 இல் சட்டநிரூபண சபை அமைத்த குழு, றிச்சட் மோர்கனின் தலைமையில் 1867 இல் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. ஆணைக்குழுவை நீக்கி அரசுத் திணைக்களமொன்றை நிறுவுதல், தனியார் பாடசாலைகளுக்குச் சமய வேறுபாடின்றி நன்கொடை வழங்குதல் என்பன அதன் முதன்மையான விதப்புரைகளாகும். இவற்றின் பயனாக 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் உதயமாயிற்று. அதன் முதற் பணிப்பாளர் ஜே. எஸ். லோறி இங்கிலாந்திற் பாடசாலைப் பரிசோதகராக இருந்தவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. லோவின் விதிக்கோவையை நேரிற் கண்டறிந்த ஒருவரது கையிலேயே இலங்கைக்குரிய விதிகள் உருப்பெறத் தொடங்கின.

சமய போதனை பற்றிய விவாதம் உடனேயே எழுந்தது. அரசின் பணம் பெறும் பாடசாலையிற் சமய போதனைக்கு வரையறை விதிப்பதை மிசனரிமார் எதிர்த்தனர். ஈற்றில் அரசு ஓர் இணக்கத்துக்கு வந்தது. பாடசாலையில் எச்சமயம் போதிக்கப்படுகின்றது என்பதை அரசு கவனியாது. வாசிப்பு, எழுத்து, எண் முதலான பாடங்களிற் பிள்ளைகள் பெறும் பெறுபேற்றுக்கு மட்டுமே அது பணம் தரும். இவ்விணக்கம் வெளித்தோற்றத்தில் நடுநிலையானதே. பெறுபேற்றை மட்டும் நோக்கும் விதி, பாடசாலையின் மற்றைய வாழ்வு முழுவதையும் நோக்காதுவிடும் விதியாகவும் அமைந்தது. பிறசமயப் பிள்ளைகளைப் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாகச் சமய போதனைக்கு உட்படுத்தலாகாது என்னும் மனச்சாட்சிப் பிரிவு 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்திலேயே இடம்பெற்றது. இடைப்பட்ட அரை நூற்றாண்டுக் காலமும் சைவ, பௌத்த, இசுலாமியப் பிள்ளைகள் ஈட்டிய பெறுபேறுகளும், அவர்களைக் கிறித்தவத்துக்கு ஈர்க்க முயன்ற பாடசாலைகளுக்கு அரசுப் பணத்தைப் பெற்றுக்கொடுத்தன.

முதற் பணம் எங்கிருந்து வந்தது?

பெறுபேற்றுக்கு நன்கொடை என்னும் முறையில் விண்ணப்பகாரர் முதலில் எதனைக் கொண்டிருத்தல் வேண்டும் என ஆராய்வது பயனுடையது. பாடசாலைக்கெனக் கட்டடம் வேண்டும். பொறுப்பேற்கும் முகாமையாளர் வேண்டும். ஆசிரியர் வேண்டும். ஒழுங்காகக் குறிக்கப்பட்ட வரவு இடாப்பு வேண்டும். பரிசோதகர் வரும் நாளிற் பரீட்சைக்கு நிறுத்தப் போதிய பிள்ளைகள், குறித்த அளவு வரவுடன், இருத்தல் வேண்டும். இவையனைத்தும் நன்கொடை கிடைக்குமுன்னரே அமைந்திருக்க வேண்டியவை. பரீட்சை நடந்து, பெறுபேறு கணிக்கப்பட்டு, பணம் கைக்கு வரும்வரை ஆசிரியரின் உணவுக்கு வழி செய்பவர் யார்? பரீட்சைக்கு முன்னர் அம்மை நோய் பரவினாலோ, வேளாண்மை வேலைக்காகப் பிள்ளைகள் நின்றுவிட்டாலோ, ஏற்படும் இழப்பைத் தாங்குபவர் யார்? அரசன்று, முகாமையாளரே. பல இடங்களில் முகாமையாளரும் அதனைத் தம் தோளினின்று இறக்கி ஆசிரியரின் தோளில் வைத்தனர்.

யாழ்ப்பாணத்தின் நிலையை இதனொடு பொருத்தி நோக்கலாம். வெசுலியன் மிசனரிமார் 1814 இலும், அமெரிக்க மிசனரிமார் 1816 இலும், சேர்ச் மிசன் சங்கத்தார் 1818 இலும் வந்து பணி தொடங்கியிருந்தனர். 1869 இல் திணைக்களம் நிறுவப்பட்டபோது அவர்களிடம் அரை நூற்றாண்டு அனுபவமும், கட்டடங்களும், பயிற்சி பெற்ற ஆசிரியரும், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவல்ல முகாமையாளரும் இருந்தனர். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இலண்டனிலும் பொஸ்ரனிலும் இருந்து வரும் பணம் நன்கொடை கிடைக்கும்வரை காத்திருக்கும் வலுவை அவர்களுக்கு அளித்தது. ஆகவே புதிய விதியின் பயனை உடனடியாகப் பெறக்கூடிய நிலையில் அவர்களே இருந்தனர். நன்கொடை பெறும் பாடசாலைகள் 1870 களில் விரைந்து பெருகியபோது அவற்றுட் பெரும்பாலானவை மிசன் பாடசாலைகளாக அமைந்ததில் வியப்பில்லை.

இதற்கு மாறாக, ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை நீண்ட காலம் மக்களின் பொருளிலேயே தங்கியிருந்தது. வீடுதோறும் நாளாந்தம் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து அறத்துக்கு வழங்கும் பிடியரிசி முறையை அவர் கல்விப் பணிக்குப் பயன்படுத்தினார். இலண்டன் சங்கத்தின் காசோலைக்கு நிகராக யாழ்ப்பாணத்துக் குடும்பப் பெண்ணின் ஒரு பிடி அரிசி நிற்கவேண்டியிருந்தது என்பதே அக்காலத்துச் சைவக் கல்வியின் பொருளாதாரமாகும். 1872 இல் நாவலர் நிறுவிய சைவாங்கில வித்தியாசாலை பொருள் முட்டுப்பாட்டினாற் சில ஆண்டுகளே நிலைத்தது. நோக்கத்திலோ கற்பித்தலிலோ அன்றி, காத்திருக்கும் வலுவிலேயே குறை இருந்தது.

ஆயினும் இம்முறையின் மறுபக்கத்தையும் கூறாதுவிடின் வரலாறு முழுமையடையாது. முன்னைய ஆணைக்குழுக் காலத்தில் நன்கொடை சலுகையாக இருந்தது. 1870 இன் பின்னர் அது, கொள்கையளவிலேனும், எழுத்திலமைந்த விதியாயிற்று. பிள்ளை சித்தியடைந்தால் இன்ன தொகை என விதி கூறுமாயின், அத்தொகையைச் சைவ முகாமையாளரும் கேட்கலாம், பௌத்த முகாமையாளரும் கேட்கலாம். 1880 இல் பௌத்த பிரமஞான சங்கம் தோன்றியபின் பௌத்த பாடசாலைகள் பெருகியமைக்கும், 1888 இல் சைவபரிபாலன சபை நிறுவப்பட்டு, 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி உருப்பெற்றமைக்கும் சமய உணர்ச்சியே முதற் காரணம். எனினும் அவ்வுணர்ச்சி நிலையான நிறுவனங்களாக உருவெடுக்க உதவி நன்கொடையும் துணைநின்றது. 1923 இல் தொடங்கப்பட்ட சைவ வித்தியா விருத்திச் சங்கம், சு. இராசரத்தினம் அவர்களின் பெருமுயற்சியால் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தும் நிலைக்கு வளர்ந்ததும் நன்கொடை முறையின் துணைகொண்டே. விதி எழுதப்பட்டுவிட்டால் அதை எழுதியவருக்கு எதிராகவும் அது பயன்படும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

ஆனால் அவ்விதியைக் குறுக்கும் விதிகளும் தோன்றின. ஏலவே உள்ள பாடசாலைக்கு அண்மையிற் புதிய பாடசாலை எழுந்தால் அதற்கு நன்கொடை மறுக்கும் தூர விதிகள் ஏற்பட்டன. அவற்றுட் பெரிதும் கண்டிக்கப்பட்டது 1890 களின் தொடக்கத்தில் விதிக்கப்பட்ட கால் மைல் விதியாகும். பணத்தை வீணாக்கும் போட்டியைத் தவிர்ப்பதே இதன் நோக்கம் எனக் கூறப்பட்டது. ஆனால் ஊரின் நடுவிலும் சந்தியிலும் முந்தி இடம்பிடித்திருந்தவை மிசன் பாடசாலைகளே. பிந்தி எழுந்த பௌத்த, சைவப் பாடசாலைகள், தம் பிள்ளைகள் எவ்வளவு சிறந்த பெறுபேற்றைக் காட்டினும், நின்ற இடம் காரணமாக உதவியை இழக்க நேர்ந்தது. பெறுபேற்றுக்கே பணம் என்ற கொள்கையை அதன் காவலரே இவ்விடத்திற் கைவிட்டனர் எனலாம்.

விண்ணப்பிக்க எவருமில்லாத பிள்ளைகள்

விண்ணப்பத்தின்பேரில் வழங்கப்படும் நன்கொடை, விண்ணப்பிக்க விரும்பும் ஒருவர் இருக்கும் இடத்துக்கே செல்லும். இவ்வுண்மை மலையகத்தில் மிகத் துயரமான வகையில் வெளிப்பட்டது. கோப்பித் தோட்டங்களிலும் பின்னர் தேயிலைத் தோட்டங்களிலும் தொழிலாளராக வந்து குடியேறிய தமிழரின் பிள்ளைகளுக்கெனப் பாடசாலை அமைத்து நன்கொடை கேட்கத்தக்கவர் தோட்டத்துரையே. அவருக்கோ அதில் நாட்டமில்லை. கொழுந்து பறிக்கவும் களை பிடுங்கவும் உதவும் சிறு கைகள் எழுத்துப் பயில்வதால் தோட்டத்துக்கு இலாபமில்லை என்ற எண்ணமே பொதுவாக நிலவியது. ஊர்ப்புறத்தில் மிசனும் சங்கமும் செய்த பணியை இங்குச் செய்யும் அமைப்புக்கள் மிகக் குறைவாகவே இருந்தன. விதியின்படி நன்கொடைக்கு வழி இருந்தது. அவ்வழியே செல்வதற்கு ஆள் இருக்கவில்லை. 1907 ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும், பின்னர் 1920 ஆம் ஆண்டின் சட்டமும் தோட்ட நிருவாகத்தின்மீது கடமையைச் சுமத்திய பின்னரும், மரநிழலிலும் லயத்தின் ஓரத்திலும் ஓராசிரியரோடு நடந்த பாடசாலைகளே மிகுதி. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1970 களிலேயே நடைபெற்றது. நூறாண்டுக்கால இப்பின்னடைவுக்கு நன்கொடை விதி மட்டுமே காரணம் எனல் பொருந்தாது. எனினும் மிகத் தேவையுடையவரை மிகப் பிந்தியே சென்றடைவது இவ்விதியின் உள்ளியல்பு என்பதை மலையகம் காட்டுகின்றது.

யாழ்ப்பாணத்தினுள்ளும் இத்தகைய ஒரு நிலை இருந்தது. பெறுபேற்று அட்டவணையில் வகுப்பில் இருந்த பிள்ளைகளின் சித்தியே இடம்பெற்றது. வகுப்புக்குள் விடப்படாத பிள்ளையை அவ்வட்டவணை அறியாது. ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பிள்ளைகள் சேர்க்கப்படாத பாடசாலையும், சேர்க்கப்பட்டும் தரையிலும் புறம்பாகவும் இருத்தப்பட்ட பாடசாலையும் சித்தி வீதத்தில் எவ்விதக் குறையும் காணவில்லை. 1929, 1930 ஆம் ஆண்டுகளில், நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டும் என அரசு வற்புறுத்தியபோதே, நன்கொடையின் நிபந்தனை நீதியின் கருவியாகவும் அமையலாம் என்பது புலனாயிற்று. அதற்கு எழுந்த கடும் எதிர்ப்பு, நன்கொடைப் பட்டியலில் அதுவரை காணப்படாதிருந்த சமூக உண்மை எத்துணை ஆழமானது என்பதை எடுத்துக்காட்டிற்று. சைவக் கல்விக்குச் சமவாய்ப்புக் கேட்டவர்களே தம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சம ஆசனம் மறுத்தனர் என்பது அவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

எது பெறுபேறு?

பணம் கொடுப்பவரே பெறுபேறு எது என்பதையும் வரையறுக்கின்றார். இதற்கு அரசின் விதிக்கோவைக்கு முந்திய ஓர் உதாரணம் வட்டுக்கோட்டையிலேயே உண்டு. 1823 இல் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டை செமினறி, கணிதம், வானியல், தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றில் ஆசியாவிலேயே சிறந்த கல்வியை அளித்த நிறுவனங்களுள் ஒன்றாகப் போற்றப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அதன் மாணவரே. ஆயினும் 1855 இல், றூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழுவின் ஆய்வையடுத்து, அது மூடப்பட்டது. தாய்மொழியிற் சுவிசேடம் பரப்பும் போதகரை உருவாக்குவதே அமெரிக்கச் சபையார் எதிர்பார்த்த பெறுபேறு. செமினறியோ அறிஞரையும் அரச உத்தியோகத்தரையும் உருவாக்கியது. தமிழ்ச் சமுதாயத்தின் நோக்கில் பெருவெற்றியாக இருந்தது, பணம் கொடுத்தவரின் நோக்கில் தோல்வியாக முடிந்தது.

அரசின் விதிக்கோவையிலும் இதுவே நிகழ்ந்தது. ஆங்கிலக் கல்விக்கு உயர்ந்த வீதத்திலும் சுயமொழிக் கல்விக்குத் தாழ்ந்த வீதத்திலும் நன்கொடை வழங்கப்பட்டமையால், எக்கல்வி பெறுமதியுடையது என்பது பற்றிய தீர்ப்பும் அப்பட்டியலிலேயே எழுதப்பட்டிருந்தது. திண்ணைப் பள்ளியில் நிகண்டும், நீதிநூலும், எண்சுவடியும் கற்பித்த சட்டம்பியாரின் கல்வி இப்பட்டியலில் இடம்பெறவில்லை. நன்கொடையை நாடியவர்கள் வகுப்பு, கால அட்டவணை, அச்சிட்ட வாசகநூல், வரவு இடாப்பு என்னும் புதிய ஒழுங்குக்கு மாறினர். மாறாதவை மெல்ல மெல்ல மறைந்தன. பரிசோதகர் வருவதற்கு முன்னைய வாரங்களிற் பிள்ளைகளைத் தயார் செய்யும் பரபரப்பும், 'சோதனை'க்காகவே படித்தல் என்னும் மனப்பான்மையும் இக்காலத்திலேயே வேரூன்றின. பரீட்சையை மையமாகக் கொண்ட இன்றைய கல்விமுறையைக் குறைகூறுவோர் அதன் நிதிமூலத்தையும் நினைவுகூர்தல் தகும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பெறுபேற்றுமுறை இலங்கையிலும் படிப்படியாகத் தளர்ந்தது. நன்கொடை ஆசிரியர் சம்பளத்தை அடிப்படையாகக் கொள்ளலாயிற்று. 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசுடைமையாயின. பெறுபேற்றைக் காட்டிப் பணம் பெறும் நிலையிலிருந்து, பிள்ளையின் பிறப்புரிமையாகக் கல்வியைக் கருதும் நிலைக்கு நாடு வந்து சேர இவ்வாறு முக்கால் நூற்றாண்டு சென்றது.

கொள்கையின் மறுபிறப்பு

கைவிடப்பட்ட இக்கொள்கை அண்மைக்காலத்தில் மீண்டும் தோன்றியுள்ளமை கவனத்துக்குரியது. 2010 இல் இங்கிலாந்தின் பீற்றர்பறோச் சிறைச்சாலையில், குறுகிய காலத் தண்டனை பெற்று விடுதலையாவோர் மீண்டும் குற்றஞ்செய்வதைக் குறைக்கும் திட்டமொன்று தொடங்கப்பட்டது. அதற்கு வேண்டிய ஏறக்குறைய 5 மில்லியன் பவுணைத் தனியார் முதலீட்டாளர் முற்பணமாக இட்டனர். குற்றம் குறித்த அளவுக்குக் குறைந்தாலன்றி அவர்களுக்குப் பணம் திரும்பாது. 2017 இல் வெளிவந்த கணிப்பு, குறைவு 7.5 வீதம் என்னும் எல்லையைத் தாண்டி ஏறத்தாழ 9 வீதமாக அமைந்ததெனக் காட்டியது. முதலீட்டாளர் இலாபத்துடன் பணத்தைப் பெற்றனர். இதே முறையில் 2012 இல் நியூயோர்க் நகரின் றைக்கேர்ஸ் தீவுச் சிறையில் இளைஞருக்கெனத் தொடங்கிய திட்டம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 2015 இல் அது நிறுத்தப்பட்டது. நகராட்சி பெறுபேற்றுக்கெனப் பணம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

2018 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இவ்வனுபவங்களைத் தொடர்ந்து எழுந்ததாகும். அதன்படி மாநில அரசுகளும் உள்ளூராட்சி அமைப்புக்களும் திறைசேரிக்கு விண்ணப்பிக்கலாம். எப்பெறுபேற்றை எவ்வாறு அடைவது என்பதை விண்ணப்பத்திலேயே வரையறுத்தல் வேண்டும். சுதந்திரமான மதிப்பீட்டாளர் ஒருவர் பெறுபேற்றை உறுதிசெய்த பின்னரே பணம் வழங்கப்படும். கொடுக்கும் தொகை, அப்பெறுபேற்றால் மத்திய அரசுக்கு ஏற்படும் பெறுமதியை மிஞ்சலாகாது. நிதியின் அரைப்பங்குக்குக் குறையாத பகுதி பிள்ளைகளுக்கு நேரடியாக நன்மை தரும் திட்டங்களுக்கு உரியது.

லோவின் விதிக்கோவையோடு ஒப்பிடின் இங்கு ஒரு முன்னேற்றம் உண்டு. 1862 இன் பரிசோதகர் பிள்ளை சித்தியடைந்ததா என்பதை மட்டுமே பார்த்தார். பாடசாலையின்றியே அப்பிள்ளை வீட்டில் வாசிக்கக் கற்றிருக்குமா என அவர் வினவவில்லை. கற்றோர் வீட்டுப் பிள்ளையின் எளிய சித்திக்கும், கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளையின் அரிய சித்திக்கும் ஒரே விலைதான். பீற்றர்பறோச்சிலோ திட்டத்துட்பட்டோர், அதற்குட்படாத ஒத்த நிலையினரோடு ஒப்பிடப்பட்டனர். திட்டத்தால் விளைந்த பயன் எது, தானாகவே விளையக்கூடியது எது எனப் பிரித்தறியும் முயற்சி இது. எனினும் பழைய வினாவொன்று விடையின்றியே நிற்கின்றது. பெறுபேறு விளையும்வரை காத்திருக்க வல்லவர் எவர்? அன்று அவ்வலு இலண்டன், பொஸ்ரன் சங்கங்களிடம் இருந்தது. இன்று அது முதலீட்டாளரிடமும் பெரும் அறக்கட்டளைகளிடமும் உள்ளது. விண்ணப்பத்தை ஆயத்தஞ்செய்வதற்கே புள்ளிவிபர வல்லுநரும் சட்டவறிஞரும் தேவைப்படும் நிலையில், தேவை மிகுந்த சிற்றூர் அமைப்பொன்று வாயிலிலேயே நின்றுவிடும்.

முடிவுரை

பெறுபேற்றுக்கு நன்கொடை என்னும் கொள்கையை முற்றாகத் தள்ளிவிடுவதும் முற்றாக ஏற்பதும் வரலாற்றுக்கு ஒவ்வாது. சலுகையை விதியாக மாற்றியதன்மூலம் அது, ஒதுக்கப்பட்டிருந்த சமூகங்கள் அரசிடம் கணக்குக் கேட்கும் வாயிலைத் திறந்தது. அதேவேளை, அவ்வாயிலுக்கு வந்து சேரும் வழிச்செலவை விண்ணப்பகாரரின் தலையில் ஏற்றியது. வழிச்செலவு இருந்தோர் முதலில் வந்தனர். பிடியரிசி சேர்த்தோர் பிந்தி வந்தனர். தோட்டத்துப் பிள்ளையின் சார்பில் வருவதற்கு எவருமே இருக்கவில்லை.

ஆகவே இத்தகைய நன்கொடையை வகுக்கும் எந்த அரசும் பெறுபேற்றை அளக்கும் கோலைச் செப்பனிடுவதோடு அமைந்துவிடலாகாது. முதற் பணம் இல்லாதவருக்கு அதனைக் கொடுப்பது யார், விண்ணப்பிக்க ஆளில்லாத இடத்தில் விண்ணப்பிப்பது யார், அளவுகோலில் அகப்படாத நன்மையைக் காப்பது யார் என்ற வினாக்களுக்கும் அது விடை கூறல் வேண்டும். வண்ணார்பண்ணையிலும் மலையகத்திலும் ஏலவே எழுந்த வினாக்கள் இவை. அவற்றுக்கு அன்று விடைகூறாது விட்டதன் விலையைச் செலுத்தியவர்கள் விதியை வகுத்தவர்கள் அல்லர், பிள்ளைகளே.